ஊரிலா, உடனா?

எனக்குக் கொள்கைகள் உண்டு. துபாயில், அல் கூஸ் பக்கம் நாங்கள் ஐந்து பேர் தங்கியிருந்த ரூமில், யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராக ஒரு கொள்கை என்னிடம் தயாராக இருக்கும். அவற்றில் தலையாயது, பெண்டாட்டியை கல்ஃபுக்குக் கூட்டி வரக் கூடாது என்பது. ஜெபல் அலியில் ஒரு குடோனில் சூப்பர்வைசர் நான். ஃபேமிலி விசா எடுக்கத் தடையொன்றும் இல்லை, மனசுதான் தடை. "வெயிலு, வாடகை, நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கிடக்கணும். பாவம்டா அவ" என்று சொல்லும்போது என் குரல் தியாகியின் குரலாகவே தழுதழுக்கும்.

புதுக்கோட்டைப் பக்கத்தில் இருந்த அவளோ, கல்யாணமான நாளிலிருந்து ஒரே கேள்வியில் நின்றாள். "என்னை எப்பங்க கூட்டிட்டுப் போவீங்க?" உடனே நான் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ... கேக்கலம்மா, நெட் கட்டாகுது" என்பேன். நெட்டுக்கு ஒரு குறையும் இருக்காது.

இந்த லட்சணத்தில் இங்குள்ள தமிழர்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு, 'குடும்பம் ஊரிலா, உடனா?' நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். ஆனால் நடுவராக வந்த அக்கவுண்டண்ட் பெரிய குறும்புக்காரர். "அவங்கவங்க கட்சியிலேயே பேசினா அடிதடி வரும். மாத்திப் போட்டாத்தான் சிரிப்பு வரும்" என்று என்னை 'உடன்' அணிக்குத் தலைவராக்கிவிட்டார். எதிரணிக்கு தேராவில் செண்ட் கடை வைத்திருக்கும் பாய். கீழக்கரைக்காரர், மனைவி பிள்ளைகளோடு பத்து வருஷமாக இங்கேயே குடியிருப்பவர். ஊரில்தான் குடும்பம் இருக்க வேண்டும் என்று அவர் பேச வேண்டும். நல்ல கூத்து.

பேச உட்கார்ந்தால் ஒரு பாயிண்டும் வரவில்லை. எனக்கு எதிராக நானே என்ன பேசுவது? ரூமில் கேட்டால், இத்தனை நாள் என் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு அவர்களும் என்னைப் போலவே பேசினார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டு அவளுக்கே போன் போட்டேன். "ஒரு பட்டிமன்றம். சும்மா விளையாட்டுக்குத்தான். கூட்டிட்டு வரணும்னு பேசணும். ரெண்டு பாயிண்ட் சொல்லேன்."

கேட்டதுதான் தாமதம், மடை திறந்துவிட்டது. "லீவுல வர்ற ஆளு எப்பப் பாரு செண்ட் வாசனையோட சிரிச்சுக்கிட்டே இருக்காரு. அவரு யாரோ. அழுக்குச் சட்டையோட டூட்டி முடிச்சு வர்றவரை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை, எழுதிக்கங்க" என்றாள். எழுதினேன். "உங்ககூட ஒழுங்கா ஒரு சண்டை போடணுங்க. நெட் கட்டாகாம, முழுசா ஒரு சண்டை. இதையும் எழுதிக்கங்க." அதையும் எழுதினேன்.

அழுக்குச் சட்டைதான் என் ரகசியம். ஊருக்குப் போனால் நான் துபாய் மாப்பிள்ளை. இங்கே பாத்ரூமுக்கு வரிசையில் நின்று, குப்பூஸ் ரொட்டியைப் பருப்பில் தோய்த்துத் தின்கிற ஆள். அவள் வந்து இந்த ஆளைப் பார்த்துவிடுவாளே என்ற பயத்துக்குத்தான் நான் கொள்கை என்று பெயர் வைத்திருந்தேன். சொல்லப் போனால் குடும்பம் பெரிது என்பதில் எங்களுக்குள் தகராறே கிடையாது. குடும்பத்துக்காகத்தான் நான் அவளை ஊரில் விட்டிருந்தேன், குடும்பத்துக்காகத்தான் அவள் வருகிறேன் என்றாள்.

பட்டிமன்றம் கராமாவில் ஓர் ஓட்டல் மாடி ஹாலில் நடந்தது. போனில் லைவ் வேறு ஓடியது, ஊரில் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாயிண்டுகளை எடுத்துவிட்டேன் பாருங்கள், விசில் பறந்தது! பாதியில் பேப்பரை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சொந்தமாகவே பேசினேன். "பொண்டாட்டிக்குத் தெரியாத மூஞ்சி ஒண்ணு நமக்கு எதுக்குய்யா?" என்று மேஜையில் குத்தினேன். தண்ணீர் கிளாஸ் கவிழ்ந்து நடுவர் மடியெல்லாம் ஈரம். எங்கள் கம்பெனியில் ஒரு முறை 'ஆட்டிட்யூட்' என்று வகுப்பெடுக்க வந்தவர், உள்ளே இருப்பதுதான் வெளியே வரும் என்றார். எனக்கு நேர்மாறாக நடந்தது. நான் கத்தியதெல்லாம் என் காது வழியாக உள்ளே போய் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

பாயும் லேசுப்பட்டவர் இல்லை. கடைசியில் நடுவர் தீர்ப்பு சொன்னார். ஊர்தான்!

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பாக இருக்கிறது. மைக்கைப் பிடுங்கி, "இந்தத் தீர்ப்பு செல்லாது! அநியாயம்!" என்று கத்தினேன். ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது, நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. நான் நடிக்கவில்லை. என் பழைய கொள்கைதான் ஜெயித்திருந்தது, அது ஜெயித்ததை என்னால் தாங்க முடியவில்லை.

படியில் பாய் என் தோளைத் தொட்டார். வெற்றி பெற்ற முகமே இல்லை. "தம்பி, பேசப் பேச எனக்கே அது சரின்னு பட்டுருச்சு. பிள்ளையள ஊருக்கு அனுப்பிரலாமான்னு ஓடுது. ஊட்டுக்காரி முன் வரிசையில உக்காந்து முறைச்சுக்கிட்டே இருந்தா. இப்ப எப்புடி அவளோட கார்ல ஏறுறது?"

அதற்குள் என் போன் அடித்தது.

"தோத்துட்டீங்களா?" என்றாள்.

"தோத்துட்டேன்."

"அதை விடுங்க. பேசினது நெசமா?"

நான் வாயைத் திறக்குமுன், போனைப் பிடித்திருந்த கை பழக்கத்தில் தானாகவே தள்ளிப் போனது. இழுத்துக் காதோடு வைத்தேன். "நெசந்தான். கிளம்பி வா" என்றேன். அந்தப் பக்கம் ஓவென்று அழுகை. இந்தப் பக்கம் நான் படியிலேயே ஒரு ஆட்டம் போட்டேன்.

வந்தாள். ஷார்ஜாவில் ஒற்றை அறை வீடு. இரண்டாம் வாரமே, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதில் ஆரம்பித்து, ஆசைப்பட்டபடியே முழுசாக ஒரு சண்டை போட்டாள். அழுக்குச் சட்டையோடு நின்றிருந்தேன். பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியை அவள் கேட்டதும் என் வாய் அதுபாட்டுக்கு, "ஹலோ, ஹலோ... கேக்கலம்மா, நெட் கட்டாகுது" என்றது.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தாள். ஓரடி முன்னால் வந்தாள்.

"இப்பக் கேக்குதா?"