வங்கக் கடலில் உப்புக் குறைவு

பரசுராமனுக்கு ரத்தக் கொதிப்பு என்று கண்டுபிடித்த டாக்டர் இரண்டு யோசனை சொன்னார். சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும். மனசு அமைதிப்பட வீட்டில் மீன் தொட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 1991ஆம் வருஷம் தை பிறந்த கையோடு இரண்டையும் தொடங்கினார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசர். லேத்தில் கடைந்து வரும் ஷாஃப்ட் எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். சுலபத்தில் தாண்டாது. மைக்ரோமீட்டரைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து அளவு பார்ப்பார். அது அனுபவசாலியின் தோரணை என்று எல்லோரும் நம்பினார்கள், அவரும் நம்பினார். அவசரப்பட்டு மெஷினிலிருந்து சூடாக எடுத்து வந்தவன் தொலைந்தான். "சூட்டுல இரும்பு உப்பிக்கும்யா! ஆற வெச்சு எடுத்துகினு வா. சூட்டோட அளக்கறதெல்லாம் ஒரு அளவா?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்துவார்.

நல்ல தண்ணீர் மீனில் அளப்பதற்கு ஒன்றுமில்லை என்று, கடல் மீன்தான் வளர்ப்பேன் என்று நின்றார். கோவளத்துக்கு டெம்போவில் போய்க் கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். சென்னைக் கடையில், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களும், உப்பை அளக்க ஒரு ஹைட்ரோமீட்டரும் வாங்கினார். அடியில் கனமும் மேலே ஒல்லித் தண்டுமாக ஒரு கண்ணாடிக் குழாய். தண்ணீரில் விட்டால் நிமிர்ந்து மிதக்கும். உப்பு கூடினால் எழும்பும், குறைந்தால் அமிழும். தண்டில் எந்தக் கோட்டில் தண்ணீர் மட்டம் நிற்கிறதோ அதுதான் கணக்கு. எந்தக் கோடு என்று கடைக்காரர் காட்டி அனுப்பியிருந்தார்.

மண்ணூர் வீட்டில், முழங்காலிட்டுக் கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். தண்டில் ஒட்டிய காற்றுக் குமிழிகளை ஒரு சுழற்றுச் சுழற்றி உதிர்த்தார். முறையில் ஒரு குறை சொல்ல முடியாது. கோடுதான் சரியாக இல்லை. குழாய் கொஞ்சம் அமிழ்ந்தே நின்றது.

"தண்ணியிலயே உப்பு கம்மி" என்றார் மனைவி ரத்னாவிடம்.

"கடல் தண்ணியிலயா?"

"ஆமா."

"கடல்ல மீனெல்லாம் நல்லாத்தான கீது?"

"அங்க யாரு இன்ஸ்பெக்‌ஷன் பண்ணாங்க?"

வங்கக் கடலை அப்படியே ரிஜெக்ட் செய்துவிட்டு, குறையைச் சரிக்கட்டக் கல்லுப்பைப் போட்டார். பங்குனி வெயிலில் ஓடு காய்ந்து தொட்டித் தண்ணீரும் வெதுவெதுத்தது. குழாய் மறுபடி அமிழ்ந்தது, மறுபடி உப்பு. புருஷனுக்காகத் தானும் சப்பென்ற குழம்பையே சாப்பிட்டுக்கொண்டிருந்த ரத்னா, அவர் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுவதை ஏக்கத்தோடு பார்த்தாள்.

மீன்கள் தீனி எடுக்கவில்லை. அடியில் கிடந்து மூச்சு வாங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்று செத்து மிதந்தது. பரசுராமன் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அளந்தார்.

"அளவு கரெக்டாத்தான் கீது" என்றார்.

குழாயைக் கழுவப் பின்கட்டுக்கு எடுத்துப் போன ரத்னா அங்கிருந்தே கேட்டாள். அவள் பால்வாடி டீச்சர். எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடுவாள். "இன்னாங்க, இதுல பொடிசா பதினஞ்சு டிகிரின்னு போட்டுகீது. அப்படின்னா இன்னா?"

பரசுராமன் வாங்கிப் பார்த்தார். கையை நீட்டிப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததே தவிர எழுத்தாகத் தெரியவில்லை. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் கோடுகள் பதினைந்து டிகிரித் தண்ணீருக்குப் போட்டவை. மண்ணூரில் மார்கழியில்கூட அவ்வளவு குளிராது. சூட்டில் தண்ணீர் விரிந்து இலேசாகிறது, குழாய் அமிழ்கிறது. உப்பு என்னவோ இருந்தபடியேதான் இருக்கிறது.

"சூட்டோட அளந்துட்டேன்" என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப கடலு?"

"கடல் பாஸுதான்."

தொட்டித் தண்ணீரை ஒரு உயரமான ஜாடியில் எடுத்து, ஐஸ் போட்ட வாளிக்குள் நிறுத்தி, தெர்மாமீட்டர் பதினைந்தைக் காட்டியதும் அளந்தார். குழாய் கோட்டுக்கு மேலே வெகுவாக எழும்பி நின்றது. தினமும் கொஞ்சம் மொண்டு கொட்டி, அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டார். ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது. அந்த வாரக் கடைசியில் மிச்சமிருந்த மீன் தீனிக்கு வாயைத் திறந்தது. பரசுராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நாளே குன்றத்தூர் போய்க் கண்ணாடிக்கு அளவு கொடுத்தார்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நல்ல ஷாஃப்டைத் தள்ளினோமோ என்று மனசு அறுத்தது. அவரிடம் அதிகம் அடிபட்டவர் லேத் ஆபரேட்டர் அப்பாவு. முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று, புதுக் கண்ணாடியோடு ஷிஃப்டுக்குப் போனார்.

"அப்பாவு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க சார்" என்று கையிலிருந்த ஷாஃப்டை மேஜையில் வைத்தார் அப்பாவு.

பரசுராமனின் பார்வை தன்னால் அதன்மேல் போனது. "இது இன்னாய்யா, மேல மயிரிழையா கோடு?"

"அது எப்பவும் கீறதுதான் சார். நீங்க ஒண்ணும் சொன்னதில்லியே."

மன்னிப்பு தொண்டையில் நின்றது. ஷாஃப்ட் ரிஜெக்ட் பெட்டிக்குப் போனது. அந்த மாசம் பெட்டி நிரம்பி வழிந்தது. லைன் மொத்தமும் ஓ.டி. பார்த்தது. கேன்டீனில் ஆளாளுக்கு அவரைத் திட்டினார்கள். அப்பாவு மட்டும் பரிந்து பேசினார்: "வுடுங்கப்பா. மீனு செத்துப்போன துக்கம், மனுஷன் இப்படி ஆயிட்டாரு."