ஐநூறும் ஐநூற்றொன்றும்

மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு போட்ட பிறகு, மாடியில் இருந்த கம்ப்யூட்டர் அவளுக்கு எட்டாததாகிவிட்டது. அவள் எழுதிக்கொண்டிருந்த கிறிஸ்துமஸ் நாடகம் அதில்தான் பாதியில் நின்றது. மணவாள நகர் சர்ச்சில் பதினாறு பிள்ளைகள் காத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை.

அவள் கீழே கட்டிலில் இருந்து சொல்லச் சொல்ல நான் காகிதத்தில் எழுதி, மேலே போய் டைப் செய்தேன். அச்செடுத்துக் கொடுத்ததைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“இன்னாங்க இது? நாலு இடையனுங்க இருந்தானுங்க. இங்க மூணு பேருதான் கீறானுங்க?”

“வசனமே இல்லாத ஆளு எதுக்கு? மூணு போதும்.”

“நாடகம் என்னுதா, உங்களுதா? நீங்க அடிச்சது போதும். நான் இங்கியே அடிக்கிறதுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

ஏலத்தில் வாங்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரைக் கட்டில் அருகே வைத்தேன். மாடியில் இருப்பதைப் போலவே லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி அவள் பெயரைப் பதிந்து, ஜன்னல் வழியாக மாடிக்குக் கேபிள் இழுத்தேன். மாடி ஃபோல்டர்களைக் கீழிருந்தே திறக்கலாம் என்பது ஏற்பாடு. பென் டிரைவில் கொண்டுவந்திருக்கலாம்தான். ஆனால் மேலே ஒரு பிரதி, கீழே ஒரு பிரதி என்றாகி, போன வருடம் ஒரு காட்சியே காணாமல் போயிருந்தது.

ஃபோல்டர்கள் தெரிந்தன. அவளுடையதைத் திறக்கப் போனால் மட்டும் அனுமதி இல்லை என்றது. கேபிளை மாற்றினேன். ஃபயர்வாலை நிறுத்தினேன். இரண்டு கம்ப்யூட்டரையும் ஏழு தடவை அணைத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துவிட்டது.

“பேஜாரு புடிச்ச வேலை. வுடுங்க, நான் ஒக்காந்துக்கினே படி ஏறிடறேன்” என்றாள்.

“ஏறித்தான் பாரேன். இதை முடிக்காம எழுந்திருக்க மாட்டேன்.”

“நீங்க முடிக்கறதுக்குள்ள ஈஸ்டரே வந்துடும்.”

சலிப்பில் மவுஸை அங்கும் இங்கும் நகர்த்தினாள். “ஏங்க, உங்க ஃபோல்டர் மட்டும் ஜம்முனு தொறக்குதே! கேஸ் சிலிண்டர் எத்தினி நாள் வந்துச்சு... ஐயோ, நான் எத்தினி மாத்திரை முழுங்குனேன்னு கூடவா எழுதி வெச்சிகீறீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. என்னுடையது அவளுக்குத் திறக்கிறது, அவளுடையது திறக்கவில்லை. அப்படியென்றால் மாடிக் கம்ப்யூட்டர் அவளை நான் என்று நினைக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் நான் ஸ்டோர் பார்த்த தொழிற்சாலையில் இரண்டாவது யூனிட் தொடங்கியபோது, டோக்கன் எண்களை மறுபடி ஒன்றிலிருந்து கொடுத்தார்கள். ஒருவர் தின்ற சோறு இன்னொருவர் கணக்கில் ஏறியது. கேன்டீனில் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்ப்பார்கள். எங்கள் லினக்ஸும் அப்படித்தான், பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கும். முதலில் பதிந்தவருக்கு 500, அடுத்தவருக்கு 501. மாடியில் நான் 500, அவள் 501. கீழே அவளை முதலில் பதிந்ததால் அவள் 500.

“கீழ உன்னை 501 ஆக்கிட்டா ஆச்சு” என்றேன்.

“மேலயும் ரெண்டாவது, கீழயும் ரெண்டாவதா? உங்களுத மாத்துங்க.”

மாடியில் இருந்தவை ஆயிரக்கணக்கான கோப்புகள். நேராக மாற்றினால் அவளுடையதும் என்னுடையதும் கலந்துவிடும். என்னுடையவற்றை முதலில் யாருக்கும் இல்லாத 600-க்குத் தள்ளினேன். காலியான 500-ஐ அவளுக்குக் கொடுத்தேன். பிறகு என்னுடையவற்றை 501-க்குக் கொண்டுவந்தேன். நல்லவேளை, முடியும்வரை கரண்ட் போகவில்லை.

கீழிருந்து சத்தம் வந்தது. “தொறந்துக்கிச்சுங்க!” சற்றுப் பொறுத்து, “உங்களுது இப்ப தொறக்க மாட்டேங்குது.”

“அதுதான் சரி.”

சனிக்கிழமை முழுக்க அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் மாடியில் அவள் பெயரில் நுழைந்து அதே ஃபோல்டரைத் திறந்து அச்செடுத்தேன். பதினொரு பக்கம். நாலாவது இடையன் திரும்பி வந்திருந்தான், இந்த முறை வசனத்தோடு. மேடைக்கு வந்தது முதல் ஆடுகளை எண்ணுகிறான். தேவதூதன் நற்செய்தி சொல்லும்போதும் நிறுத்தவில்லை. மற்ற மூவரும் பெத்லகேமுக்குப் புறப்பட்ட பிறகும், ஒன்று குறைகிறது என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறான்.

ஒரு வரியையும் வெட்டாமல் பதினாறு பிரதி எடுத்தேன்.