வெளியே தெரிந்தால்

தொண்ணூறுகளில் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டியை அகற்றினார்கள். "குடும்பத்துல வேற யாருக்கும் வந்திருக்கா?" என்று மலேசியாவின் சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். அம்மா இல்லை என்றார். லாபு தோட்டத்திலிருந்து பார்க்க வந்திருந்த சின்னம்மா தலை குனிந்தார்.

"எனக்கும் எடுத்துருக்காங்க லா. வெளிய தெரிஞ்சா நம்ம வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா?"

சொந்த அக்காவிடமே மறைத்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் தாளில் குடும்பத்தை வரைந்தார். அம்மாவின் தம்பி மகள் எனக்கு அண்ணி. சின்னம்மா மகள் அதே மாமாவுக்கு மருமகள். எந்தக் கல்யாணக் கோடும் அந்த மூன்று வீடுகளைத் தாண்டவில்லை.

"வெளிய யாரும்மா இருக்கா?" என்றார் டாக்டர்.

அம்மா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் மூன்று வீட்டுப் பெண்களும் ஒரே வேனில் பரிசோதனைக்குப் போய் இறங்கினோம்.