மொட்டைத் தலையும் அமெரிக்கக் கூரையும்

திருத்தணி மலையில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, அரக்கோணத்தில் ரயிலைப் பிடிக்க வாடகைக் காரில் ஏறுகிறேன். முன்சீட் எனக்கு. பழைய அமெரிக்கச் சின்னக் கார். உள்ளே கூரைத் துணி கொசுவலை மாதிரித் தொங்குகிறது. அதை ஊக்குகள் குத்தி நிறுத்தியிருக்கிறார்கள். சில ஊக்குகள் வாய் பிளந்திருக்கின்றன.

எனக்குப் புல்லரிக்கிறது. அமெரிக்காவில் படித்தபோது நான் வைத்திருந்த காரின் கூரையும் இப்படித்தான். கதவைச் சாத்தினால் சீட் பெல்ட் மோட்டாரில் தானே ஓடிவந்து கழுத்தைப் பிடிக்கும். நான்கு பேருக்கும் தனித்தனிச் சாம்பல் கிண்ணம் உண்டு. காபி டம்ளர் வைக்கத்தான் இடம் கிடையாது. இந்தப் பெருமையை இருபது வருடமாகக் கேட்டுவரும் என் மனைவி, பின்சீட்டில் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

மலையிறங்கியதும் முதல் வேகத்தடையில் கார் துள்ளுகிறது. அமெரிக்கா என் மொட்டையில் நறுக்கென்று குத்துகிறது. அலறிவிடுகிறேன்.

டிரைவர் கரீம் பாய் ஓரங்கட்டுகிறார். "பத்து வருஷமா ஓட்டிகினு இருக்கேன் சார். முடி இருக்கறவங்க யாரும் கம்ப்ளைன்ட் பண்ணதில்ல."

சொல்லிவிட்டு, தன் தலையிலிருந்த கனத்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி நீட்டுகிறார்.

"சந்தனம் ஒட்டிக்குமே, பாய்."

"ஆங், ஒட்டட்டும். தொவைச்சா போயிடும். போட்டுக்குங்க, ரயிலு போயிடப் போவுது."

போட்டுக்கொள்கிறேன். அளவு கச்சிதம். மனைவி கண்ணைத் திறக்கிறாள். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, செல்போனில் படம் எடுக்கிறாள்.

"வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சுதான்னு எங்கம்மா கேட்டாங்க," என்கிறாள். "அனுப்பிட்டேன்."