பின் சீட்டு மெர்சி

இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். யாரும் சட்டம் போடவில்லை, பழக்கம் அப்படி. மெர்சி மட்டும் பின்னால் போய் உட்காருவாள். ஆண்கள் பச்சையாக ஜோக் சொன்னால் அதைவிடப் பச்சையாகத் திருப்பிச் சொல்வாள். அதை வைத்து அவளை எடை போட்டவர்கள் எல்லாம் மடையர்கள். கம்பெனியில் அசெம்பிளி லைனில் அவள் பக்கத்தில் நிற்பவள் நான், குடியிருப்பதும் அவள் வீட்டுக்குப் பக்கத்து அறையில்தான்.

அவள் புருஷன் வில்சன் வாயே திறக்க மாட்டான். கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தை இல்லை. பஸ்ஸில் வரும் சொந்தக்காரன் ஒருவன் பின் சீட்டுக் கதையை வில்சனின் அம்மா அன்னபுஷ்பத்தின் காதில் ஓதிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தம்மா மாதாகோயில் பெரியவர் மரியஜோசப்போடு வந்து இறங்கினார். மெர்சியின் துணிகளைப் பையில் திணித்து வாசலில் வைத்துவிட்டு என்னையும் கூப்பிட்டார்.

"நான் வந்து தங்கனப்ப பாத்தேன், தனித்தனியா படுக்கறாங்க. ஊர் ஆம்பளைங்களோட சிரிக்கறவ கட்டுனவன்கிட்ட ஏன் ஒட்ட மாட்டேன்றா? வேற எவனோ கீறான். சரோஜா, நீயே சொல்லு."

ஜோக் சொல்வது வேறு, தொடுவது வேறு. வில்சன் நெருங்கினால் அவளுக்குக் கைகால் நடுங்கும். கேண்டீனில் என்னிடம் சொல்லி அழுதாள், வெளியே சொல்லாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். பாழாய்ப்போன சத்தியம்.

"யாராச்சும் கீறாங்களாம்மா?" என்று பெரியவர் கேட்டார்.

மெர்சி இல்லையென்று தலையாட்டினாள். அன்னபுஷ்பம் பையைத் தூக்கினார்.

"கீழ வைம்மா," என்றான் வில்சன். "அவளுக்குப் பயம். எங்கிட்ட சொல்லிட்டா. நாந்தான் தள்ளிப் படுக்கறேன்."

"ரெண்டு வருஷமாவா? நீ ஆம்பளதானாடா?"

பெரியவர் இருமினார். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு ஆசை நெறைய கீது. பேசாதவனுக்கு அது இருக்காதுன்னு நீங்களா நெனச்சுகினீங்க. வாயாடுறவளுக்குப் பயம் இருக்காதுன்னும் நெனச்சுகினீங்க. அவளா வர்ற வரைக்கும் காத்துகினு இருப்பேன். வரலன்னாலும் இவதான் எம் பொண்டாட்டி."

மெர்சி மாமியார் கையிலிருந்து பையை வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு வில்சன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் அவன் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் நடுங்கின. ஆனாலும் விடவில்லை.