கஞ்சி போடாத புடவை

கஞ்சி போட்டு வெயிலில் காயும் நூல் புடவைக்கு ஒரு வாசனை உண்டு... சோறு வடித்த வாசனையும் வெயில் வாசனையும் சேர்ந்தாற்போல. மணவாள நகரில் எங்கள் வீட்டுக் கொடியில் எப்போதும் ஒரு புடவை அப்படிக் காய்ந்துகொண்டிருக்கும். எழுபதுகளின் தொடக்கம். நான் திருவள்ளூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்த புதுசு.

என் அக்கா சரோஜாவைப் புதுவாயலில் கட்டிக்கொடுத்திருந்தோம். பிள்ளை பிறந்த பிறகு அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமாகிவிட்டது. நான் ஏதாவது சொன்னால் என் முகவாயைப் பிடித்து வெளிச்சம் இருக்கும் பக்கம் திருப்புவாள். "இப்ப சொல்லுடி" என்பாள். உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வாள்.

பிள்ளை அழுவது கேட்காதே... அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். தூளியில் ஒரு கயிறு கட்டி, மறுநுனியைக் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டு காய் நறுக்குவாள். பிள்ளை புரண்டால் விரல் இழுக்கும், ஓடுவாள்.

ஒருநாள் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அது தெரியாமல் அக்கா அடுப்படியில் இருக்க, பிள்ளை குமார் தூளியிலிருந்து விழுந்து தொண்டை கட்டும்வரை அழுதிருக்கிறான். கழனியிலிருந்து வந்த மாமியார்தான் தூக்கினார்.

மாமியார் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். அக்காவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டு, நைனாவிடம், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"பால் மறந்த புள்ள, நான் பாத்துக்கறேன். இவ காத சரி பண்ணிக்கினு வரட்டும். எதுனா ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

அக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எல்லாம் புரிந்தது. அன்று முழுக்க அவள் யார் முகத்தையும் திருப்பவில்லை.

மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு ரயிலில் போனோம். டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி, காதோரம் ஒருமுறை, காதுக்குப் பின்னால் எலும்பில் ஒருமுறை வைத்துப் பார்த்தார். மெஷின் வைத்தால் கேட்கும் என்றார். நைனா எப்படியோ புரட்டி வாங்கிவிட்டார்.

மெஷின் என்றால் சிகரெட் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். ஆம்பளைகளுக்குச் சட்டைப் பை இருக்கிறது. பொம்பளை எங்கே வைப்பது? அம்மா ஜாக்கெட்டுக்கு உட்புறமாக ஒரு பை வைத்துத் தைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா, "ரேடியோவா சரோஜா, இன்னா பாட்டு ஓடுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

என் அக்காவோ, எக்ஸ்சேஞ்சில் நான் காதில் மாட்டும் ஹெட்செட்டைச் சொல்லிக் கேலி செய்தாள். "நீ மாட்டிக்கினா சம்பளம் குட்க்கறாங்க. எனக்கு யாரு குட்ப்பாங்க?"

அந்தச் சிரிப்பு ரெண்டு நாள்தான். பெட்டி வைத்துக்கொள்ளும்போது மரியாதையாக இருக்கவேண்டும் என்று, கஞ்சி போட்ட நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டினாள். ஒரு மத்தியானம் அடுப்படியிலிருந்து அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து, மாடியில் காய்ந்த வத்தலை எல்லாம் வாரிக் கொட்டினாள்.

"மழடி, சடசடன்னு கொட்டுது."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அக்கா வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெட்டியைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்தவள்தான்... அப்புறம் தொடவில்லை. "இத்த வெச்சிக்கினு எம்புள்ள அழுறது எப்டி கேக்கும்?" என்று அழுதாள். எங்களுக்கும் அது பழுது என்றே பட்டது.

பிறகு துணி துவைக்கிற நாள் ஒன்று வந்தது. நல்ல புடவை எல்லாம் ஊறிக்கொண்டிருக்க, அம்மாவின் பழைய, மெத்தென்ற வாயில் துணிப் புடவையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான்தான் கெஞ்சிப் பெட்டியை மாட்டிவிட்டேன். தெருப்பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மழ இல்லடி" என்றாள். "தெருவுல ஐஸ்காரன் மணி அடிக்கிறான் பாரு."

மழையும் இல்லை, பழுதும் இல்லை. மொடமொடப்பான புடவை பெட்டிமேல் உரசிய சத்தம்தான் அவ்வளவு நாளும் அவள் காதில் கொட்டியிருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வடித்த கஞ்சி மாட்டுக்குப் போயிற்று.

பெரியபாளையம் வழியாகப் புதுவாயலுக்கு பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அக்கா. நான் ஏதோ சொன்னேன். வெளியே பார்த்தபடியே பதில் சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தது... ஆனாலும் என் முகவாய் அவள் கைக்குக் காத்திருந்தது எனக்குத் தெரியும்.

புதுவாயலில் பிள்ளை உள்ளறைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். மாமியார் டீ கொடுத்தார். நைனாவும் அவரும் பேசிக்கொண்டிருக்க, அக்கா பாதி டீயில் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எய்ந்துட்டான்."

எங்கள் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மாமியார் பின்னாலேயே போய்ப் பார்த்தார். குமார் அப்போதுதான் சிணுங்க ஆரம்பித்திருந்தான். அக்கா அவனைத் தூக்கி மார்போடு அணைத்து, அவன் வாயை மெஷின் இருந்த இடத்தில் அழுத்திக்கொண்டாள். தூளியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கயிற்றை மாமியாரே அவிழ்த்தார்.

"இன்னாத்துக்கு இது இனிமே" என்றார்.

அக்கா போய்ச் சில வருஷம் ஆகிறது. இப்போது என் காதில் மெஷின். புளியங்கொட்டை அளவுதான், ஒயர் கிடையாது, எந்தப் புடவை கட்டினாலும் மழை பெய்வதில்லை. என் பையன் செல்போனிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைத்துத் தருகிறான். நல்ல பிள்ளை. ஆனால் நான் ஏதாவது சொன்னால் "சொல்லும்மா, கேக்குது" என்பான், போனைப் பார்த்தபடியே.

கேட்கிறதுதான். அவனுக்கும் கேட்கிறது, எனக்கும் கேட்கிறது...

ஒரே ஒரு தடவை யாராவது என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "இப்ப சொல்லுடி" என்றால் போதும். சொல்ல எனக்கு எவ்வளவோ இருக்கிறது, அக்கா.