மலர்கொடி தேய்த்த ஆக்சில்

சிங்காரவேல் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு வீடு, வாசலில் ஒரு கிழட்டு அம்பாசடர், இவ்வளவுதான் அவர் சம்பாத்தியம். அந்தக் கார் இல்லாவிட்டால் மனைவி மலர்கொடியின் பாடு திண்டாட்டம். அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் தவறாமல் டயாலிசிஸுக்குப் புதுச்சேரி போகவேண்டும். திரும்பும்போது உட்காரக்கூடத் தெம்பிருக்காது. பின்சீட்டில் சுருண்டு படுத்துக்கொள்வாள். ஒருமுறை பஸ்ஸில் மயங்கி விழுந்ததிலிருந்து பஸ் என்றாலே அவளுக்கு உதறல்.

அப்படிப்பட்ட காரின் பின்பக்க ஆக்சில் உடைந்தது. மெக்கானிக் செல்வகுமார் கையை விரித்துவிட்டார். உற்பத்தியே நின்றுபோன வண்டிக்குப் புதுசுக்கு எங்கே போவது? சிங்காரவேல் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் நாயாய் அலைந்து, கடைசியில் பண்ருட்டியில் ஒன்றைப் பிடித்தார். மேலெல்லாம் துருவும் சேறும். ஆனால் உள்ளே பல்சக்கரங்கள் நன்றாக இருந்தன. கழற்றிச் சுத்தம் செய்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடலாம் என்றார் செல்வகுமார்.

ஆக்சிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, தாராக இறுகியிருந்த பழைய ஆயிலை வடித்தார். இரண்டு பக்க ஷாஃப்ட்டையும் உருவினார். பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி, பழைய வேட்டியில் பிள்ளையைப் போலச் சுற்றி வைத்தார். பேரிங்கும் ஆயில் சீலும் புதிதாக வாங்கியாயிற்று. வெறும் இரும்புக் கூடு மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைத் தேய்ப்பதற்குள் ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

நோய் வந்ததிலிருந்து மலர்கொடியை அவர் ஒரு துரும்பை எடுக்க விடுவதில்லை. தனக்காக மனிதர் இரும்போடு மல்லுக்கட்டுகிறாரே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அனல்மின் நிலையம் இருக்கிற அந்தப் பக்கத்தில் சாம்பலுக்கா பஞ்சம்? பாத்திரம் விளக்கத் தெர்மல் சாம்பலை மிஞ்சி எதுவும் கிடையாது என்பது அவள் கட்சி. தேங்காய் நாரும் சாம்பலுமாக உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கத் தேய்த்தாள். வெளியே தேய்த்ததோடு விட்டாளா? வாய்க்குள் கையை விட்டு, எட்டின மட்டும் உள்ளேயும் தேய்த்துத் துணியால் துடைத்து வைத்தாள்.

வேலை முடிந்து வந்த சிங்காரவேலுக்கு வாயெல்லாம் பல். திட்டுவதா கொஞ்சுவதா என்று தெரியவில்லை. உள்ளே ஒரு துணியை விட்டு ஒப்புக்கு ஒரு துடை துடைத்ததோடு சரி. பளபளப்பைப் பார்த்த செல்வகுமாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பூட்டி, ஆயில் ஊற்றி, காருக்கு மாட்டிவிட்டார்கள்.

புதுச்சேரிக்குப் போகும்போது பின்னாலிருந்து மெல்ல ஒரு முனகல் கேட்டது. புது பேரிங், போகப்போகச் சரியாகும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். திரும்பும்போது நெல்லிக்குப்பம் தாண்டியதும் முனகல் ஊளையாகிவிட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அடியில் படுத்தார். ஆக்சில் கொதித்தது. ஆயில் ஊற்றும் துளையைத் திறந்து விரலை விட்டார். சாம்பல் நிறத்தில் கூழாக வந்தது. இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தார், நறநறத்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. இரும்புக் கூட்டுக்குள் பழைய ஆயில் பிசுக்கில் ஒட்டிக்கிடந்த சாம்பல் மொத்தமும் கரைந்து, பேரிங்கையும் பல்லையும் அரைத்துத் தின்றிருந்தது. ஊரெல்லாம் அலைந்து கிடைத்த ஒரே ஒரு ஆக்சில். அங்கேயே, காருக்கு அடியிலேயே, ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

“என்னாங்க ஆச்சி?” பின்சீட்டிலிருந்து மலர்கொடி ஈனசுரத்தில் கேட்டாள்.

விரலை அவசரமாகப் பனியனில் துடைத்துக்கொண்டார்.

“கடக்காரன் ஏமாத்திட்டான். தேஞ்சிபோனத தலையில கட்டிட்டான்.”

இதுவரை யார்மீதும் அபாண்டம் சொல்லாத மனிதர். மலர்கொடிக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, அந்த முகம் தெரியாத கடைக்காரனைக் குலம் கோத்திரத்தோடு சபித்தாள். காரைப் பூட்டிவிட்டு அவளைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றினார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். படுக்க வழியில்லை, பக்கத்தில் நின்ற அவர் இடுப்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். பண்ருட்டிவரை சாபம் ஓயவில்லை. அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்.

பண்ருட்டி தாண்டியதும் கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது.

“வுடுங்க, இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போட்டுகினு. வேற ஒண்ணு கெடைக்காமயா பூடும்? தூக்கிகினு வாங்க. இதவிட நல்லா நான் தேச்சித் தரேன்.”

சரி என்றார் சிங்காரவேல்.